ரீலை மாற்றுவதற்கு முன்: ஸ்பின்னிங், பிசி தூண்டில்களில் வரும் கோளாறுகள்

சனிக்கிழமை ராத்திரி சிங்கப்பூரின் பிடோக் ஜெட்டியில் (கடலுக்குள் நீளும் மீன்பிடி மேடை) உட்கார்ந்திருந்தால் யாராவது ஒருவர் தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஸ்பின்னிங் வைத்திருப்பவர், "அண்ணே, இது மக்கர் பண்ணுது, பேசாம பிசிக்கு மாறிடலாமா?" என்பார். பிசி வைத்திருப்பவரோ சிக்குப் பிடித்த நரம்பைப் பந்து மாதிரி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, "இத வித்துட்டு ஸ்பின்னிங்கே வாங்கிக்கிறேன்" என்பார். இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள், வாங்குவதைப் பற்றி அப்புறம் பேசலாம். என் கைக்கு வந்த ரீல்களில் உண்மையிலேயே கெட்டுப்போனவை கொஞ்சம்தான். மற்றவற்றில் நரம்பு தப்பு, அல்லது நரம்பு சுற்றிய அளவு தப்பு, அல்லது அந்த ரீல் தாங்காத எடையை அதில் மாட்டி வீசியிருப்பார்கள்.

பெய்ட்காஸ்டிங் (BC) ரீலைத்தான் இங்கே பிசி என்கிறோம். ஸ்பின்னிங் ரீல் ராடுக்கு (தூண்டில் கம்புக்கு) கீழே தொங்கும், வீசும்போது ஸ்பூல் (நரம்பைச் சுற்றி வைக்கும் பாகம்) அசையாது, நரம்பு மட்டும் வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகும். பிசி ராடுக்கு மேலே உட்காரும், வீசும்போது ஸ்பூலே சுழலும். கீழே வரும் கோளாறுகளில் பாதி இந்த ஒரு வித்தியாசத்தால் வருபவை. தத்துவம் இவ்வளவு போதும்.

கையில் இருக்க வேண்டியவை: சின்ன ஸ்குரூடிரைவர், பஞ்சுக்குச்சி, ரீல் எண்ணெய் ஒரு குப்பி, டிராக்குக்கான (மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விடும் பிடிப்புக்கான) கிரீஸ், பழைய துணி, 1.5 லிட்டர் தண்ணீர் போத்தல் ஒன்று. போத்தல் குடிக்க இல்லை, எதற்கென்று பிறகு வரும். சமையல் எண்ணெயையும் கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயையும் ரீல் பக்கமே கொண்டுவராதீர்கள்.

## பிசி: வீசியதும் நரம்பு ரீலுக்குள்ளேயே பந்தாகிறது

அதிகம் வரும் புகார் இதுதான், அதனால் இதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சிக்கை எடுப்போம். உடனே கத்தரியைத் தேட வேண்டாம். டிராக்கை இறுக்குங்கள், கட்டைவிரலால் ஸ்பூலை நன்றாக அழுத்தியபடியே கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள், பிறகு ஸ்பூலை விடுவித்து நரம்பை மெல்ல இழுங்கள். மேலே புடைத்துக்கொண்டிருக்கும் வளையங்கள் படிந்துவிடும், பெரும்பாலும் அப்படியே உருவி வந்துவிடும். எங்காவது நின்றால் மறுபடி அழுத்தி, மறுபடி சுற்றி, மறுபடி இழுங்கள். தங்கூஸ் (நைலான் ஒற்றை இழை) நரம்பாக இருந்து, மடங்கிய இடம் வெள்ளையாகத் தெரிந்தால் அந்த இடத்தோடு வெட்டிவிடுங்கள், நாளைக்குப் பெரிய மீன் மாட்டும்போது சரியாக அங்கேதான் அறும்.

அடுத்து, எந்த நேரத்தில் சிக்கியது என்று யோசித்துப் பாருங்கள். விடை அதில்தான் இருக்கிறது.

### லூர் (பொய் இரை) தண்ணீரைத் தொட்ட பிறகு சிக்கினால்

ரீலில் ஒன்றுமில்லை, கட்டைவிரல் தூங்கிவிட்டது. லூர் நின்றது ஸ்பூலுக்குத் தெரியாது, அது பாட்டுக்குச் சுழன்று நரம்பைக் கொட்டும். லூர் தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன் விரலை ஸ்பூல் மேல் வைத்து நிறுத்துங்கள். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் செம்பவாங் பக்கம் மீன்பிடிக்கும் ஒரு பாக் சிக் (மலாய்ப் பெரியவர்). "கண்ணு லூர் மேல, விரல் ஸ்பூல் மேல" என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொல்வார், வேறு எதையும் சொல்லமாட்டார். இருட்டில் லூர் விழுவது தெரியாதென்பதால் புதிதாகப் பழகுகிறவர்கள் ராத்திரியில் பிசி வீசவே வேண்டாம் என்பது என் கருத்து.

### கையை விட்ட உடனே சிக்கினால்

இரண்டு காரணங்கள். ஒன்று, வெடுக்கென்று உதறி வீசுவது. ராடின் வளைவே லூரைத் தள்ளும்படி இழுத்து, சீராக வீசிப் பாருங்கள். சரியாகவில்லையா? அப்படியானால் ரீலின் பிடிமானம் தளர்வாக இருக்கிறது.

கைப்பிடிப் பக்கம் டிராக்குக்கு அருகே சின்னத் திருகு மூடி ஒன்று இருக்கும், அதுதான் ஸ்பூல் டென்ஷன். லூரை மாட்டி, ராடை நேராக நீட்டி, பட்டனை அழுத்தி விடுங்கள். லூர் மெதுவாக இறங்க வேண்டும், தரையைத் தொட்டதும் ஸ்பூல் கூடவே நிற்க வேண்டும். சடாரென விழுந்து ஸ்பூல் தொடர்ந்து சுழன்றால் இறுக்குங்கள், இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் தளர்த்துங்கள். லூர் மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். 10 கிராமுக்கு வைத்த அளவு 20 கிராமுக்குச் சரிவராது.

அதன் பிறகு பிரேக். காந்த பிரேக் என்றால் வெளியில் எண் போட்ட வட்டம் இருக்கும். மையவிலக்கு பிரேக் என்றால் பெரும்பாலான ரீல்களில் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து உள்ளே உள்ள குட்டிக் கட்டைகளை வெளியே தள்ள வேண்டும். எதுவானாலும் ஏறத்தாழ முழு அளவில் தொடங்கி, பத்துப் பதினைந்து வீச்சு சிக்காமல் போன பிறகு ஒரு எண் குறையுங்கள். எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள்: தூரம் போக வேண்டும் என்று முதல் நாளே பிரேக்கைப் பூச்சியத்தில் வைத்துவிட்டுப் பாதி ராத்திரி சிக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்று, பக்கவாட்டுத் தகட்டை வீட்டில் மேசை மேல் வைத்துத் திறங்கள். நான் ஒருமுறை ஜெட்டி விளிம்பில் உட்கார்ந்து திறந்தேன், ஒரு கட்டை உருண்டுபோய்க் கடலில் விழுந்தது, அதைத் தேடிக் கடை கடையாக அலைந்தது தனிக்கதை.

### பாதி வழியில் சிக்கினால்

காற்று. எதிர்க்காற்றில் லூரின் வேகம் சட்டென்று குறையும், ஸ்பூல் குறையாது. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் போனவர்களுக்கு இது புரியும். பிரேக்கை இரண்டு எண் கூட்டுங்கள், கனமும் ஒல்லியுமான லூராக மாற்றுங்கள், தாழ்வாக வீசுங்கள். இவ்வளவும் செய்து சரிவராத நாளில் ஸ்பின்னிங்கை எடுத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

### எப்படி வைத்தாலும், எப்போதும் சிக்கினால்

லூரின் எடையைப் பாருங்கள். சாதாரண பிசி 7 கிராமுக்குக் கீழே தடுமாறும், 10 கிராமுக்கு மேலேதான் அதற்கு நிம்மதி. 3 கிராம், 5 கிராம் பொய் இரைகளைப் பிசியில் போட்டுவிட்டு ரீலைத் திட்டுவது நியாயமில்லை. இலேசான லூருக்கென்றே ஆழமில்லாத, எடை குறைந்த ஸ்பூலோடு பிஎஃப்எஸ் என்ற வகை பிசி இருக்கிறது, ஆனால் அந்தக் காசுக்கு நல்ல ஸ்பின்னிங் ரீலும் ராடும் சேர்த்தே வாங்கிவிடலாம்.

எடை சரி என்றால் நரம்பைப் பாருங்கள். விளிம்பு வரை சுற்றியிருந்தால் 3 மில்லிமீட்டர் குறையுங்கள். மிக மெல்லிய பிரெய்டு (பல இழை பின்னிய நரம்பு) போட்டிருந்தால் மீன் இழுக்கும்போது மேல் நரம்பு அடி நரம்புக்குள் புதைந்து, அடுத்த வீச்சில் அங்கேயே பிடித்து நின்று சிக்கும். பிசிக்குக் குறைந்தது 30 பவுண்டு பிரெய்டு போடுங்கள், இறுக்கமாகச் சுற்றுங்கள்.

அதுவும் சரியா? ஸ்பூலைத் தனியாகக் கழற்றி, பேரிங்கை விரலால் சுற்றிக் காதருகே வைத்துக் கேளுங்கள். கரகரவென்றால் அழுக்கு, சுத்தம் செய்து ஒரே ஒரு சொட்டு எண்ணெய் போதும். ஸ்பூல் ஆடிக்கொண்டு சுழன்றால், அல்லது எங்கோ உரசும் சத்தம் வந்தால், கீழே போட்டு நெளித்திருக்கிறீர்கள். அதைத் தட்டி நிமிர்த்தப் பார்க்காமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

பழகுகிற காலத்துக்கு ஒரு வழி: உங்களால் எவ்வளவு தூரம் வீச முடியுமோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நரம்பை இழுத்து வெளியே விட்டுவிட்டு, ஸ்பூலில் மிச்சமிருக்கும் நரம்பின் மேல் மின்சார டேப் ஒரு சுற்று ஒட்டி, பிறகு நரம்பைத் திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். எவ்வளவு மோசமாகச் சிக்கினாலும் டேப்புக்குக் கீழே போகாது. பெரிய மீன் பிடிக்கக் கிளம்பும்போது டேப்பை எடுத்துவிட மறக்காதீர்கள்.

## ஸ்பின்னிங்: நரம்பு சுருள் சுருளாக வந்து முடிச்சு விழுகிறது

தங்கூஸா, பிரெய்டா? இரண்டுக்கும் வழி வேறு.

### தங்கூஸ் என்றால்

நரம்பு முறுக்கேறியிருக்கிறது. முக்கால்வாசி நேரம் குற்றவாளி நாம்தான்: மீன் டிராக்கை இழுத்துக்கொண்டு ஓடும்போது பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்போம். உள்ளே ஒரு அடிகூட வராது, ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் முறுக்கு மட்டும் ஏறும். டிராக் கத்தும்போது கையை நிறுத்துங்கள், ராடைத் தூக்குங்கள், தாழ்த்தும்போது சுற்றுங்கள். என் அக்கா மகனுக்கு இதை எத்தனை முறை சொல்லியும், மீன் மாட்டியதும் "மாமா! மாமா!" என்று கத்திக்கொண்டே தையல் மெஷின் மாதிரி சுற்றுவான்.

இரண்டாவது, சுழலும் லூரைச் சுவிவல் (முறுக்கேறாமல் சுழலும் இணைப்பு) இல்லாமல் கட்டுவது. மூன்றாவது, புது நரம்பை ரீலில் ஏற்றும்போதே தப்பான பக்கமாக ஏற்றியிருப்பது. நரம்புச் சுருளைத் தரையில் லேபிள் மேலே தெரியும்படி வைத்து, பத்துச் சுற்று சுற்றிவிட்டு, நரம்பைத் தளர்த்திப் பாருங்கள். தானாகச் சுருண்டால் சுருளைப் புரட்டிப் போடுங்கள்.

ஏறிய முறுக்கை எடுக்க, முனையில் எதுவும் கட்டாமல், பக்கத்தில் வேறு யார் தூண்டிலும் இல்லாதபோது, ஓடும் நீரில் நரம்பை நீளமாக விட்டு, சில நிமிடம் கழித்து விரலிடையில் பிடித்தபடி சுற்றி எடுங்கள். அதற்கும் மசியாத பழைய தங்கூஸைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், விலை அதிகமில்லை. தூக்கிப் போடுவது என்றால் குப்பைத்தொட்டியில், கடலில் இல்லை.

### பிரெய்டு என்றால்

ஸ்பூலைப் பக்கவாட்டில் பாருங்கள். நரம்பு விளிம்புக்குச் சமமாக இருந்தால் அதுதான் காரணம், வீசும்போது நாலைந்து வளையம் ஒன்றாகக் கிளம்பி முதல் வளையத்தில் சிக்கிக்கொள்ளும். விளிம்புக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் கீழே இருக்கட்டும்.

அளவு சரி என்றால் பழக்கத்தைப் பாருங்கள். வீசிய பிறகு கைப்பிடியைச் சுற்றிப் பெயில் கம்பியை (நரம்பை ஸ்பூலுக்குத் திருப்பும் வளைந்த கம்பி) மூடுகிறீர்களா? கையால் மூடுங்கள், நரம்பை ஒரு இழுப்பு இழுத்து இறுக்கிவிட்டு, அப்புறம் சுற்றுங்கள். இந்த ஒரு பழக்கத்தால் மட்டும் ஜெட்டியில் எத்தனையோ பேரின் முடிச்சுகள் நின்றுபோயிருக்கின்றன. இலேசான லூரைத் தளர்வாகச் சுற்றினாலும் அடுத்த வீச்சில் முடிச்சு விழும், அப்போது இரண்டு விரலால் நரம்பைப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும்.

பிறகு நரம்பு உருளை, அதாவது பெயில் கம்பி ஓரத்தில் நரம்பு திரும்பும் சின்னச் சக்கரம். விரலால் உருட்டிப் பாருங்கள். உப்பு பிடித்து நின்றிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய். அதில் நரம்பு அறுத்த பள்ளம் விழுந்திருந்தால் அந்தப் பாகத்தை மாற்றித்தான் ஆக வேண்டும்.

## தூரம் போகவில்லை

ராடின் கைப்பிடிக்கு மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள், எத்தனை கிராம் லூர் வீசலாம் என்று அங்கேயே இருக்கும். 20 முதல் 60 கிராம் என்று போட்டிருக்கும் ராடில் 5 கிராம் லூரைக் கட்டினால் ராட் வளையாது, வளையாத ராட் வீசாது.

அதற்குப் பிறகு, ஸ்பின்னிங் என்றால் ஸ்பூலில் நரம்பு குறைவா, நரம்பு தடிமனா என்று பாருங்கள். பிசி என்றால் ஸ்பூல் டென்ஷனைக் கழுத்தை நெரிப்பதுபோல் இறுக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

ராடும் ரீலும் ஜோடி மாறியிருந்தாலும் இதே தொல்லைதான். பிசி ராடில் விரல் மாட்டக் கொக்கி இருக்கும், வளையங்கள் சின்னதாக மேல்பக்கம் இருக்கும். ஸ்பின்னிங் ராடில் முதல் வளையம் பெரிது, கீழ்ப்பக்கம் தொங்கும். பழையது வாங்கும்போது இரண்டையும் கலந்து தலையில் கட்டிவிடுவார்கள்.

உண்மையைச் சொன்னால் ஜெட்டியில் தூரம் அவ்வளவு முக்கியமில்லை. தூண் ஓரத்திலேயே நேராக இறக்கி நல்ல மீன் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குப் பின்னால் ஓடிவந்து வீசிக் கப்பல்வரை ஈயம் அனுப்பப் பார்ப்பவர்கள் வெறுங்கையோடு போவதையும் பார்த்திருக்கிறேன்.

## மீன் மாட்டியதும் நரம்பு அறுந்துவிடுகிறது

அறுந்த முனையைத் தூக்கிப் போடாதீர்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. எச்சில் வைத்து ஈரமாக்கி, மெல்ல இறுக்கி, முடிச்சை மறுபடி போடப் பழகுங்கள். சொரசொரப்பாக உரிந்திருந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சிப்பியோ பாறையோ அறுத்திருக்கிறது, லீடரை (முனையில் கட்டும் தனி நரம்பு) தடிமனாக்குங்கள். கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் பல். பாராங், சீலா, தெங்கிரி போன்ற கூர்ப்பல் மீன்கள் வரும் நேரத்தில் சின்னதாக ஒரு துண்டு எஃகுக் கம்பி லீடர் போட்டுக்கொள்ளுங்கள்.

நடுவில் எங்கேயோ அறுந்தால், அதுவும் ஒவ்வொரு முறையும் அப்படியென்றால், ராட் வளையம் ஒவ்வொன்றுக்குள்ளும் பஞ்சுக்குச்சியை விட்டுச் சுழற்றுங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ அந்த வளையத்தின் பீங்கானில் கீறல். கண்ணுக்குத் தெரியாது, பஞ்சுக்குத் தெரியும். முனை வளையத்தைச் சூடான பசையால் நாமே மாற்றலாம். நடு வளையங்கள் நூல் சுற்றி எபாக்சி பூசியவை, அதை ராட் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் டிராக். இங்கேதான் தண்ணீர் போத்தல். நிறைத்த 1.5 லிட்டர் போத்தல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. 12 பவுண்டு நரம்பு தாங்குவது சுமார் 5.4 கிலோ, அதில் கால் பங்குக்கு டிராக் வைக்க வேண்டும் என்றால் போத்தல் கணக்கு கிட்டத்தட்டச் சரியாக வருகிறது. நரம்பின் முனையில் போத்தலைக் கட்டி மெதுவாகத் தூக்குங்கள். டிராக் கொஞ்சம் கொஞ்சமாக நரம்பு விட்டால் சரி. விடாமல் தூக்கினால் தளர்த்துங்கள்.

### டிராக் விட்டு விட்டு, குதித்துக் குதித்து இழுக்கிறது

வாஷர் காய்ந்திருக்கிறது, அல்லது உப்பு ஏறியிருக்கிறது. மாதக்கணக்கில் டிராக்கை இறுக்கியபடியே அலமாரியில் வைத்தால் வாஷர் அமுங்கிப்போகும். ஸ்பின்னிங்கில் இது சுலபம்: மேல் திருகைக் கழற்றினால் ஸ்பூல் கையில் வரும், சின்னக் கம்பி வளையத்தை எடுத்தால் வாஷர்கள் வரிசையாக வரும், வந்த வரிசையிலேயே மேசையில் வைத்து, துடைத்து, டிராக் கிரீஸ் மெல்லிசாகத் தடவித் திரும்பப் போடுங்கள். பிசியில் டிராக் பல்சக்கரத்துக்குள்ளேயே இருப்பதால் பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும். முன்பின் பிரித்துப் பழக்கமில்லை என்றால் கடைக்குக் கொடுங்கள்.

### முழுக்க இறுக்கியும் டிராக் பிடிக்கவில்லை

பிரெய்டா? ஸ்பூலைக் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நரம்பை இழுத்துப் பாருங்கள். ஸ்பூல் நிற்க நரம்புக் கட்டு மட்டும் மொத்தமாகச் சுழன்றால் டிராக்கில் தப்பில்லை, வழவழப்பான ஸ்பூலில் பிரெய்டு வழுக்குகிறது. அடியில் பத்து மீட்டர் தங்கூஸ் சுற்றி, அதன் மேல் பிரெய்டைக் கட்டிச் சுற்றுங்கள். இதற்காக ஒருவர் புது ரீலே வாங்கிவிட்டு, பழையதை எனக்குச் சும்மா கொடுத்தார். இன்னும் அதில்தான் செலார் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

## கைப்பிடி பின்னால் சுழல்கிறது

ஸ்பின்னிங் என்றால் அடியில் சின்னச் சுவிட்சு இருக்கிறதா பாருங்கள், தட்டுப்பட்டுத் திறந்திருக்கும். சிரிக்காதீர்கள், பாதிப்பேருக்கு இதுதான். சுவிட்சு இல்லாத ரீல்களும் உண்டு.

சுவிட்சு சரியாக இருந்தும் வழுக்கினால், அண்மையில் எண்ணெய் போட்டீர்களா? பின்சுழலைத் தடுக்கும் ஒருவழி பேரிங்கில் எண்ணெயோ கிரீஸோ அதிகமானால் உருளைகள் பிடிக்காது. நிறைய எண்ணெய் போட்டால் நல்லது என்று நினைத்துப் போடுகிறவர்களுக்கே இது வரும். அந்த பேரிங்கைக் கழற்றி, கழுவி, காயவைத்து மாட்ட வேண்டும், அதற்கு ரீலைப் பிரிக்க வேண்டும். எண்ணெயே போடாமல் வழுக்கினால் தேய்மானம். இரண்டுமே கடைக்காரர் வேலை, அதுவரை அந்த ரீலில் மீன் பிடிக்க வேண்டாம். பெரிய மீன் இழுக்கும்போது கைப்பிடி திரும்பி அடித்தால் விரல் போய்விடும்.

## சுற்றும்போது கரகரக்கிறது

எதுவும் கட்டாமல் சுற்றுங்கள். அப்போதும் கரகரத்தால் பேரிங், அல்லது கைப்பிடிக் குமிழ், அல்லது பிசியில் நரம்பை இடமும் வலமும் கொண்டுபோகும் பாகம். கழுவி, துடைத்து, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சொட்டு. சும்மா சுற்றினால் வழவழப்பு, கனம் இழுக்கும்போது மட்டும் கரகரப்பு என்றால் பல்சக்கரம், அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

மணலில் விழுந்ததா? சுற்றிப் பார்க்காதீர்கள், ஒரு சுற்றுகூட. அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவுங்கள். முழுக்கக் கடலில் மூழ்கி எழுந்த ரீலை அன்றே நல்ல தண்ணீரில் அலசி, அடுத்த நாளே சர்வீசுக்குக் கொடுக்க வேண்டும், ஒரு வாரம் கழித்துப் போனால் உள்ளே துரு முந்திக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு முறையும் கடலில் இருந்து வந்ததும் டிராக்கை இறுக்கி, குழாயை மெல்லத் திறந்து, மேலாகக் கழுவித் துடைத்து, பிறகு டிராக்கைத் தளர்த்தி நிழலில் வையுங்கள். பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போகும். வாளியில் ஊறப்போடுவது அதைவிட மோசம்.

கூலி எப்போது கொடுக்கலாம்? சர்வீஸ் கூலியும் பாகமும் சேர்ந்து ரீல் விலையில் பாதியைத் தொட்டால் நான் விட்டுவிடுவேன். 40 வெள்ளி ரீலுக்குப் பல்சக்கரம் மாற்றுவது வீண். 300 வெள்ளி ரீல் என்றால் கண்டிப்பாகக் கொடுங்கள்.

## வீசும்போது பெயில் தானாக மூடி, லூர் பிய்த்துக்கொண்டு பறக்கிறது

இது மற்றவர்களுக்கு ஆபத்து, உடனே நிறுத்துங்கள். பெயில் கம்பியை முழுக்கத் திறந்தீர்களா, கம்பி நெளிந்திருக்கிறதா, ஓரத் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரி என்றால் உள்ளே ஸ்பிரிங் போயிருக்கும். சல்லிக்காசுப் பாகம், ஆனால் திறக்கும்போது குதித்து ஓடும், கடையிலேயே போடச் சொல்லுங்கள்.

## பிசி: நரம்பு ஒரே பக்கம் குவிகிறது

நரம்பை இடமும் வலமும் நடத்தும் கண்ணி நின்றிருக்கும். கீழே மரை போட்ட தண்டில் மணலோ நூலோ மாட்டியிருக்கும், பல்குச்சியால் எடுத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். நகரவில்லையென்றால் உள்ளே இருக்கும் சின்னப் பல் தேய்ந்திருக்கும், வாங்கி மாற்றலாம்.

## எதுவும் கெடவில்லை, இருந்தும் ஒத்துவரவில்லை

இப்போதுதான் ரீலை மாற்றுவது பற்றிப் பேச வேண்டிய இடம். நீங்கள் எங்கே போகிறீர்கள், எத்தனை கிராம் வீசுகிறீர்கள் என்று இரண்டு கேள்விதான்.

நீர்த்தேக்கத்தில் பீக்காக் பாஸ் மீன் தேடி 5 கிராம், 7 கிராம் லூர் வீசுகிறவர்களுக்கு 2500 அளவு ஸ்பின்னிங், 10 முதல் 15 பவுண்டு பிரெய்டு. நீர்த்தேக்கங்களில் ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான் மீன்பிடிக்கலாம், பொய் இரை மட்டும்தான் போடலாம் என்பதால் இறால், புழு நினைப்பே வேண்டாம், ஆகவே இலேசான லூரை நன்றாக வீசும் ரீல்தான் அங்கே தேவை.

டோமான் (பெரிய விரால் வகை மீன்), அதுவும் செடி கொடிக்குள் தவளை லூர் போட்டு இழுப்பதென்றால் பிசி. 15 கிராமுக்கு மேல் லூர், 40, 50 பவுண்டு பிரெய்டு, ஒரே புள்ளியைக் குறிவைத்து நூறு தடவை வீச வேண்டும், மாட்டியதும் மூச்சுவிடவிடாமல் வெளியே இழுக்க வேண்டும். இதற்கு ஸ்பின்னிங் போதாது என்று சொல்லமாட்டேன், கை வலிக்கும் என்று சொல்வேன்.

ஜெட்டியில் 60, 80 கிராம் ஈயம் கட்டி, இரண்டு மூன்று முள் கோத்த அப்பொல்லோ கட்டு போட்டுக் காத்திருப்பதென்றால் 4000 முதல் 6000 அளவு ஸ்பின்னிங். காற்று, இருட்டு, பக்கத்தில் பிள்ளைகள், எல்லாவற்றையும் அது பொறுத்துக்கொள்ளும். படகில் போய் நேராக அடியில் இறக்குவதென்றால் வீசுகிற வேலையே இல்லை, அங்கே உருண்டை பிசி சுகம்.

பிசிக்குத்தான் போவேன் என்று முடிவாகிவிட்டால் வாங்குமுன் இரண்டைக் கவனியுங்கள். ஸ்பின்னிங்கில் கைப்பிடியை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொள்ளலாம், பிசியில் முடியாது, இடக்கையா வலக்கையா என்று வாங்கும்போதே சொல்ல வேண்டும். பெட்டியைத் திறந்து கடையிலேயே கையில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். அடுத்தது விலை. 40 வெள்ளி ஸ்பின்னிங் ரீலில் ஒரு வருஷம் நிம்மதியாக ஓட்டலாம். அதே விலைக்கு வரும் பிசியில் பிரேக் பேருக்குத்தான் இருக்கும், முதல் பகுதியில் எழுதியது அத்தனையும் ஒரே ராத்திரியில் நடக்கும். காசு பற்றாவிட்டால் இன்னும் ஆறு மாதம் ஸ்பின்னிங்கிலேயே வீசுங்கள்.

## பிரித்தேன், மாட்டினேன், ஒரு பாகம் மிச்சமாகிவிட்டது

எல்லாருக்கும் நடக்கும். பலவந்தமாக மூடித் திருகாதீர்கள், அலுமினிய மரை ஒருமுறை போனால் உடம்பையே மாற்ற வேண்டும். மிச்சமானது மெல்லிய வட்டத் தகடு என்றால் அதைப் பயனில்லாதது என்று நினைக்க வேண்டாம், பல்சக்கரங்களின் இடைவெளியை வைத்திருப்பதே அதுதான். பெட்டியில் வந்த பாகப் படத்தை எடுத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் மாடல் எண்ணைத் தேடினால் படம் கிடைக்கும். அரைமணி நேரம் பார்த்தும் புரியவில்லையா, எல்லாவற்றையும் ஒரு ஜிப் பையில் போட்டு, மிச்சமான பாகத்தையும் சேர்த்துக் கடையில் கொடுத்து, "நான்தான் பிரித்தேன்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் அவருக்கு இரண்டு மணி நேரம் வீண், கூலியும் அதற்கேற்ற மாதிரிதான் வரும்.